வியட்நாமியரின் பசியாறல்



நம் பிள்ளைகளில் சிலர் இன்று தொழிற்சாலைகளில் வியட்நாமிய நாட்டவரோடு பக்கத்தில் நின்று வேலை செய்கிறார்கள். பட்டணத்துக்குப் போனால் வியட்நாமிய உணவுக் கடைகளையும் பார்க்கிறோம். அந்தக் கடைகளில் முதலில் கண்ணில் படும் பெயர் ‘ஃபா’. பலகையில் உள்ள எழுத்தைப் பார்த்து அதைப் ‘போ’ என்று படிப்போர் உண்டு. அதிகம் நீட்டாமல், கேள்வி கேட்பதுபோல் குரலைத் தாழ்த்தி எழுப்பி ‘ஃபா?’ என்று சொன்னால் அந்நாட்டவருக்குப் புரியும். அது என்ன உணவு, எப்படிப் பிறந்தது, முதன்முறை உண்பவர் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை இன்று பார்ப்போம்.

தெளிந்த எலும்புச் சாற்றில் அரிசி மீயைப் போட்டு, மேலே மெல்லிய இறைச்சித் துண்டுகளையும் தழைகளையும் தூவித் தருவதே ஃபா. அந்த மீ நமக்குப் பழக்கமான குவே தியோவைப் போல் வெள்ளையாகவும் தட்டையாகவும் இருக்கும். நாம் காலையில் தோசையோ ரொட்டி சானாயோ பசியாறுவதுபோல், வியட்நாமியர் ஃபா பசியாறுகிறார்கள்.

இது மிகப் பழைய உணவு அன்று. ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்குச் சற்று முன்பு, வட வியட்நாமில் நாம் தின், ஹனோய் ஆகிய ஊர்ப் பக்கங்களில் உருவானது. அந்நாட்டு உழவர்களுக்கு மாடு ஏர் இழுக்கும் துணை. அதை வெட்டி உண்பது அரிது. பிரெஞ்சுக்காரர் ஆட்சிக்கு வந்தபின், அவர்கள் உணவுக்காக மாடுகள் வெட்டப்பட்டன. நல்ல இறைச்சி அவர்கள் மேசைக்குப் போயிற்று. எலும்பும் சவ்வும் மலிவாகக் கிடைத்தன. முன்பு எருமை இறைச்சிச் சாற்றில் சேமியா போட்டு விற்ற தெரு வியாபாரிகள், அந்த எலும்புகளை வாங்கி இரவெல்லாம் கொதிக்க வைத்தார்கள். மீ செய்யும் முறையில் சீனரின் கைவண்ணமும் கலந்தது.

அந்த வியாபாரிகளுக்குக் கடை கிடையாது. தோளில் ஒரு தண்டு. ஒரு முனையில் அடுப்பும் சாற்றுப் பானையும், மறு முனையில் மீயும் கிண்ணங்களும். பினாங்கில் நம்மவர்கள் நாசி கண்டார் சுமந்து விற்ற அதே முறைதான். நாம் தின் ஊரில் பெரிய நெசவாலை ஒன்று எழுந்தது. அங்கு வேலைக்குப் போன தொழிலாளிகளின் வயிற்றை நிரப்பியவை இத்தகைய தெருப் பானைகளே.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். அதே வட்டாரத்து ஏழை உழவர்கள்தாம் 1920-களில் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டு, தென் வியட்நாமின் ரப்பர் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே மலேரியாவும் அடி உதையும் பலரைக் கொன்றன. 1930 பிப்ரவரியில் ஃபூ ரியெங் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தது அந்நாட்டு வரலாற்றில் புகழ்பெற்ற நிகழ்ச்சி. ஆக, ஃபாவைப் படைத்த மக்களும் நம்மைப் போல் பால்மரக் காட்டின் துன்பம் அறிந்தவர்களே.

பின்னர் ஃபாவும் மக்களோடு ஊர் மாறியது. 1954-இல் வியட்நாம் இரண்டாகப் பிரிந்தபோது, 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வடக்கிலிருந்து தெற்கே குடிபெயர்ந்தனர். சைகோன் நகரில் அவர்களுடைய ஃபாவோடு தவுகே, துளசி வகைத் தழைகள், எலுமிச்சை, இனிப்பான சோயா சாந்து எல்லாம் சேர்ந்தன. இன்றும் வடக்கத்தி ஃபா எளிமையானது. தெற்கத்தி ஃபா தழையும் இனிப்பும் மிக்கது. போர்க்காலத்தில் வடக்கே இறைச்சி கிடைக்காதபோது, அரசாங்கக் கடைகளில் வெறும் மீயும் சாறும்தான் தந்தார்கள். தலைக்கு மேலே அமெரிக்காவின் ஆளில்லா வேவு விமானங்கள் பறந்த காலம் அது. மக்கள் அந்த உணவுக்கு ‘விமானி இல்லாத ஃபா’ என்று பெயர் வைத்தார்கள். வறுமையிலும் சிரிக்கத் தெரிந்தவர்கள்!

1975-இல் போர் முடிந்தபின், இலட்சக்கணக்கானோர் படகேறி வெளியேறினர். அவர்களில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர், 1978 முதல் 1991 வரை நம் திரெங்கானுக் கரைக்கு அப்பாலுள்ள பீடோங் தீவு முகாமில் தங்கி, பின் பிற நாடுகளுக்குச் சென்றார்கள். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஃபாக் கடைகள் பெருகியது இப்படித்தான்.

இனிச் சமையலுக்கு வருவோம். ஃபாவின் உயிர் அதன் சாறு. எலும்பை ஒரு கொதி கொதிக்க வைத்து, அந்த நீரைக் கொட்டிக் கழுவிவிட்டுப் புதுநீர் ஊற்றுவார்கள். இஞ்சியையும் வெங்காயத்தையும் நெருப்பில் தோல் கருகச் சுட்டுச் சேர்ப்பார்கள். அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, மல்லி, கறுப்பு ஏலக்காய் ஆகியவற்றை வறுத்துத் துணியில் கட்டிப் போடுவார்கள். எல்லாம் நம் அஞ்சறைப் பெட்டிக்கு உறவான சாமான்கள்தாம்! உப்புச் சுவைக்கு மீன் சாறு. கிளந்தானின் புடுவுக்கு அது உறவு. பிறகு 6 மணி நேரமோ அதற்கு மேலோ சிறு தீயில் வேகவைத்து, நுரையை எடுத்துக்கொண்டே இருப்பார்கள். தீயைக் கூட்டினால் சாறு கலங்கிவிடும்.

மாட்டிறைச்சி உண்ணாத நம் குடும்பங்கள் கவலைப்பட வேண்டாம். கோழி ஃபாவும் உண்டு. அதன் பெயர் ‘ஃபா கா’. ஹனோயில் 1939-ஐ ஒட்டி, வாரத்தில் இரண்டு நாள் மாட்டிறைச்சி விற்பனை நிறுத்தப்பட்டதால் அது பரவிற்று என்பர். ஆனால் ஒரு சொல்: மேலே கோழித்துண்டு இருந்தாலும், சில கடைகளில் அடியில் ஊற்றும் சாறு மாட்டெலும்புச் சாறாக இருக்கலாம். ஆகவே “சாறு எதில் வைத்தது?” என்று கேட்ட பிறகே சொல்லியனுப்புங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். மரக்கறி உண்போர் ‘ஃபா சாய்’ என்று கேட்கலாம். ஆனாலும் மீன் சாறு சேர்த்திருக்கிறதா என்று விசாரிப்பது நல்லது.

கிண்ணம் வந்ததும் முதலில் சாற்றை மட்டும் ஒரு கரண்டி சுவையுங்கள். சமைத்தவர் விடிய விடியக் காத்த சுவை அது. அதன் பின்னரே எலுமிச்சையும் மிளகாயும் சேருங்கள். தழைகளைக் கையால் கிள்ளிப் போடுங்கள். சூடு ஆறுமுன் உண்ணுங்கள். ஆறினால் மீ ஊறிக் குழைந்துவிடும்.

2024 ஆகஸ்டில் ஹனோய் ஃபாவையும் நாம் தின் ஃபாவையும் வியட்நாமிய அரசாங்கம் தேசிய மரபுச் செல்வமாக அறிவித்தது. வெள்ளைக்காரர் மேசைக்குப் போகாத எலும்பில் பிறந்த உணவுக்கு அந்தப் பெருமை. உங்கள் பிள்ளையோடு வேலை செய்யும் வியட்நாமியத் தோழரை ஒரு நாள் வீட்டுக்கு அழையுங்கள். அவர் ஊர் ஃபா எப்படி இருக்கும் என்று கேளுங்கள். நம் வீட்டு ரசத்தையும் அவருக்கு ஒரு கிண்ணம் கொடுங்கள்.