முச்சில்லுத் தள்ளுவண்டி: முன் சில்லைக் கவனியுங்கள்

குழந்தைகளுக்கான முச்சில்லுத் தள்ளுவண்டிகளைக் கொள்வனவு செய்யும் வியாபாரிகள் நிறத்தையும் விலையையும் மட்டும் பார்ப்பது போதாது. முக்கியமானது முன் சில்லு.

2018ஆம் ஆண்டு அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணைக்குழு, ‘பொப்’ ரக முச்சில்லு வண்டிகள் தொடர்பாக பிரிட்டெக்ஸ் நிறுவனத்துக்கு எதிராக நடவடிக்கை எடுத்தது. கழற்றிப் பூட்டும் முன் சில்லு ஓடும்போது கழன்றதாக சுமார் 200 முறைப்பாடுகள் கிடைத்திருந்தன. குழந்தைகளும் பெரியவர்களும் காயப்பட்டிருந்தனர். சரியாகப் பூட்டாததே காரணம் என்றது நிறுவனம். அதே வருடம் விடயம் இணக்கமாகத் தீர்க்கப்பட்டது. பூட்டும் முறையை விளக்கும் பொறுப்பை நிறுவனம் ஏற்றது.

இதில் நமக்கும் பாடம் உண்டு. விற்குமுன் சில்லைப் பூட்டி, முன்பக்கத்தைத் தூக்கி, இழுத்துப் பாருங்கள். வாடிக்கையாளரையும் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

சுழலும் முன் சில்லு கடைத்தெருவுக்கு வசதி. வேகமாகத் தள்ளுபவர் அதை நேராகப் பூட்டிக்கொள்ள வேண்டும். காற்று டயர் கரடுமுரடான பாதைக்கு நல்லது, ஆனால் பஞ்சராகும். எனவே டியூபும் கையிருப்பில் இருக்கட்டும். கழுத்து நிற்காத குழந்தைக்கு முழுமையாகச் சாயும் இருக்கை அவசியம். கைப்பிடியில் பாரமான பைகளைத் தொங்கவிட்டால் வண்டி பின்பக்கம் கவிழலாம்.

இவற்றை விளக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடமும் வியாபாரத்தின் ஒரு பகுதியே.