படிப்புக்கு இடையே பணி: வரம்பு வேண்டும்

தமிழகத்தின் அரசு கலை, அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் வகுப்புகள் இரண்டு சுழற்சிகளாக நடைபெறுகின்றன. காலைச் சுழற்சி முடிந்து நண்பகலில் வெளியே வரும் மாணவர்களில் பலர் வீட்டுக்குச் செல்வதில்லை. ஜவுளிக்கடைக்கும், உணவகத்துக்கும், உணவு விநியோகப் பணிக்கும் செல்கின்றனர். குடும்பத்தின் முதல் பட்டதாரியாக விரும்பும் இளைஞருக்கு அந்த வருமானம் வெறும் கைச்செலவுப் பணமன்று. தேர்வுக் கட்டணமும் சில வேளைகளில் வீட்டு வாடகையும் அதில் அடக்கம்.

படிக்கும்போதே உழைப்பது நல்ல பயிற்சிதான். ஆனால், அந்த உழைப்புக்கு இங்கே வரம்பில்லை, ஆவணமும் இல்லை. தீபாவளி விற்பனை உச்சத்தை அடைந்து ஓய்ந்த சில நாள்களிலேயே பருவத் தேர்வு தொடங்கிவிடுகிறது. இரவு வெகுநேரம் கடையில் நின்றவர் மறுநாள் வகுப்பைத் தவறவிடுகிறார். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே குறைந்தால் தேர்வெழுதுவதே கேள்விக்குறியாகிறது. வேலையை விட்டால் கட்டணம் செலுத்த வழியில்லை. விடாவிட்டால் படிப்பு நிற்கிறது.

ஜெர்மனியில் படித்துக்கொண்டே பணியாற்றுவோர் 'வெர்க்ஸ்டூடன்ட்' எனப்படுகின்றனர். வகுப்புகள் நடைபெறும் மாதங்களில் அவர்களின் பணிநேரம் பொதுவாக வாரத்துக்கு 20 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால், காப்பீட்டு விதிகளின்படி மாணவருக்குரிய சலுகையை இழக்க நேரிடும். விடுமுறைக் காலத்தில் கூடுதலாகப் பணியாற்றலாம். ஊதியம் பெற்றாலும் அவர் முதலில் மாணவர் என்பதே இவ்விதியின் உட்பொருள்.

நம் நாட்டிலும் தொழிற்பழகுநர் பயிற்சியைப் பட்டப்படிப்பின் அங்கமாக்கும் வழிகாட்டு நெறிமுறைகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2020-ஆம் ஆண்டு வெளியிட்டது. வரவேற்கத்தக்க முயற்சி அது. ஆனால், பாடத்திட்டத்துடன் இணைந்த அந்தப் பயிற்சி வேறு. வறுமையின் காரணமாகத் தாமாகவே வேலை தேடிச் செல்வது வேறு. பின்னவரை எந்தத் திட்டமும் கணக்கில் கொள்வதில்லை.

இதற்குப் பெரும் நிதி தேவையில்லை. பணிபுரியும் மாணவர்களின் விவரங்களைக் கல்லூரிகள் பதிவு செய்யலாம். பணிநேரம், ஊதியம், தேர்வுக்கால விடுப்பு ஆகியவற்றை ஒரே பக்க ஒப்பந்தமாக நிறுவனங்கள் எழுதித் தரலாம். வேலையிலிருந்து விலகும்போது அனுபவச் சான்றிதழ் வழங்கலாம். வாராந்திரப் பணிநேரத்துக்கு அரசு உச்சவரம்பு நிர்ணயிக்கலாம்.

படிப்பதற்காகவே வேலைக்குச் செல்லும் மாணவர், அந்த வேலையாலேயே படிப்பை இழக்கும் நிலை இனியும் தொடரக் கூடாது.