எல்லை தாண்டினால் வரி மிச்சமா?

வார இறுதி வந்துவிட்டால் உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் வாகனங்கள் வரிசைபிடித்து நிற்கும். ஜோகூர் பாருவில் பல பொருள்கள் மலிவு என்பது உண்மைதான். ரிங்கிட்டுக்கு எதிராகச் சிங்கப்பூர் வெள்ளி வலுவாக இருப்பது அதற்கு முக்கியக் காரணம். ஆனால், அங்கே வாங்கினால் பொருள் சேவை வரி கட்டவேண்டாம் என்று நினைப்பது பாதி உண்மையே.

1994ல் 3 விழுக்காடாக அறிமுகமான இந்த வரி, 2024 ஜனவரி முதல் 9 விழுக்காடாக உள்ளது. வெளியிலிருந்து கொண்டுவரும் பொருளுக்கும் அது பொருந்தும். பயணிகளுக்கு ஒரு சலுகை உண்டு. 48 மணி நேரத்துக்குக் குறைவாக வெளியே இருந்தவருக்கு 100 வெள்ளி வரையிலும், அதற்கு மேல் இருந்தவருக்கு 500 வெள்ளி வரையிலும் வரி கிடையாது. சிங்கப்பூரில் வேலை அனுமதி பெற்றுத் தங்கியிருப்போருக்கு இச்சலுகை இல்லை.

காலையில் சென்று மாலையில் திரும்பும் ஒருவர் 300 வெள்ளிக்கு ஒரு கைப்பை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். சலுகை போக மீதி 200 வெள்ளிக்கு அவர் 18 வெள்ளி வரி செலுத்தவேண்டும். சிகரெட்டுக்குச் சலுகையே இல்லை. மலேசியாவிலிருந்து கொண்டுவரும் மதுபானத்துக்கும் தீர்வை விலக்கு கிடையாது.

வரம்பைத் தாண்டியவர்கள் சிவப்புத் தடத்தில் சென்று தாங்களாகவே அறிவிக்கவேண்டும். ரசீதுகளைக் கையில் வைத்திருப்பது நல்லது. 18 வெள்ளியை மறைக்கப்போய் அபராதம் கட்ட நேர்ந்தால், நாள் முழுக்க அலைந்து சேர்த்த மிச்சம் சோதனைச்சாவடியிலேயே கரைந்துவிடும்.