திருவாதிரை மங்கிய நாட்கள்



டிசெம்பர் 13 ஆம் திகதி புனித லூசியாவின் திருநாள். கொட்டாஞ்சேனைப் பேராலயத்தின் பாதுகாவலியாகிய இப்புனிதையிடம் கண்பார்வைக்காக மன்றாடுவோர் பலர். அன்றிரவு எட்டு மணியளவில் சற்று வெளியே வந்து கிழக்கு வானை நோக்குங்கள். முகில் விலகியிருந்தால் ஒரே வரிசையில் மூன்று விண்மீன்களும், அவற்றின் இடப்புறத்தே செந்நிறமான ஒரு விண்மீனும் தென்படும். யோபு நூல் கார்த்திகையோடு சேர்த்துக் கூறும் விண்மீன் கூட்டம் இதுவே. அச்செந்நிற விண்மீனை நம் முன்னோர் திருவாதிரை என்றனர். மேல்நாட்டார் பீட்டல்ஜூஸ் என்பர். பெப்ரவரி நடுப்பகுதியில் இரவு எட்டரை மணியளவில் அது கொழும்பின் உச்சிக்கு ஏறத்தாழ நேர்மேலே வந்து நிற்கும்.

2019 ஆம் ஆண்டின் இறுதியில் இவ்விண்மீன் மங்கத் தொடங்கியது. 2020 பெப்ரவரியில் அதன் வழக்கமான ஒளியில் பாதிகூட எஞ்சவில்லை. தொலைநோக்கி இல்லாதவர்களும் வேறுபாட்டைக் கண்டனர். அது வெடித்துச் சாகப்போகின்றதோ என்று அறிஞரும் பாமரரும் ஒருங்கே கேட்டனர். ஆனால் சில மாதங்களில் ஒளி திரும்பியது. விண்மீன் தன் மேற்பரப்பின் ஒரு பகுதியையே வெளியே வீசியெறிந்திருந்தது. அவ்வாயு குளிர்ந்து தூசியாகி நமக்கும் அதற்கும் இடையே திரையிட்டது என்பதே பின்னர் கண்டறியப்பட்ட விளக்கம். செவ்வாயின் பாதையையும் விழுங்கிவிடக்கூடிய பேருருவம் கொண்ட விண்மீனுக்கு இது ஒரு தும்மல் போலும்!

எனினும் அதன் முடிவு வெடிப்புத்தான். நடுவில் திரளும் இரும்பு, சூரியனின் நிறையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கை எட்டும்போது தன் பாரத்தைத் தானே தாங்கமாட்டாது இடிந்து விழும். இவ்வெல்லையின் கணக்கை, 1930 இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய பத்தொன்பது வயதுத் தமிழ் இளைஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் பயணத்தின்போதே போடத் தொடங்கினார். மூத்தோர் சிலர் நகைத்தனர். நோபல் பரிசு கிடைத்தது 1983 இல்!

திருவாதிரை வெடித்தால் பகலிலும் தெரியும். இரவில் நிலவைப்போல் ஒளிரும். நமக்குத் தீங்கில்லை, அத்தனை தொலைவு. அது நாளையும் நிகழலாம், நூறாயிரம் ஆண்டுகள் கழித்தும் நிகழலாம். அத்தகைய பழைய வெடிப்புகளில் சிதறியவற்றுள்தான் நம் எலும்பின் சுண்ணாம்பும் மூச்சின் பிராணவாயுவும் பெரும்பாலும் உருவாயின.

அத்தொலைவை ஏறத்தாழ 550 முதல் 700 ஒளியாண்டுகள் என மதிப்பிடுகின்றனர். ஆகவே நாம் இன்று காணும் ஒளி புறப்பட்டபோது போர்த்துக்கேயர் கொழும்புக் கரையை அடைந்திருக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் ஆலயமணி ஒலித்திருக்கவுமில்லை. அந்த விண்மீன் இதற்குள் வெடித்து முடிந்திருந்தாலும், செய்தி இன்னும் வழியில்தான் இருக்கும்.

டிசெம்பரில் தவறவிட்டோர் சித்திரை மாதம்வரை காத்திருக்கலாம். வெள்ளவத்தைக் கடற்கரையில், தொடருந்துப் பாதையைக் கவனமாகக் கடந்து நின்றால், இரவு எட்டு மணிக்கு அது மேற்கே கடலை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும். காலி வீதியின் விளக்குகளுக்கு முதுகு காட்டி நில்லுங்கள்; பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள்.