கம்ப்யூட்டரை ஆம்ப்ளிஃபயருடன் இணைக்கலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் சிறிய ஸ்பீக்கர்களில்தான் பாட்டுக் கேட்கிறார்கள். சில வாரங்களில் ஓர் ஆசை வரும். வீட்டில் நல்ல ஆம்ப்ளிஃபயரும் பெரிய ஸ்பீக்கர்களும் இருக்கின்றனவே, அவற்றோடு கம்ப்யூட்டரை இணைத்தால் என்ன?

தாராளமாக இணைக்கலாம். ஆனால் அதற்கு முன் சில எண்களைப் பார்த்துவிட வேண்டும். பார்க்காமல் இணைத்த நான் ஒரு ஜோடி ட்வீட்டர்களைப் பறிகொடுத்தேன்.

புதுச்சேரியில் பல குடும்பங்களுக்குப் பிரான்சில் உறவினர்கள் உண்டு. எங்கள் சித்தப்பா அங்கிருந்து வந்தபோது, தான் பயன்படுத்திய ஆம்ப்ளிஃபயரை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். சேனலுக்கு 100 வாட்ஸ். முன்புறம் ஒரு பவர் சுவிட்ச் மட்டும்தான். வால்யூம் குமிழ் கிடையாது. வேலை சுலபம் என்று நினைத்து, கம்ப்யூட்டரின் பச்சை சாக்கெட்டிலிருந்து கேபிள் போட்டு இணைத்தேன். விண்டோஸில் வால்யூம் 100-ல் இருந்ததைக் கவனிக்கவில்லை. பாட்டைக் கிளிக் செய்ததும் வீடே அதிர்ந்தது. மவுஸைப் பிடித்து நிறுத்துவதற்குள் இரண்டு ட்வீட்டர்களும் கருகிவிட்டன.

ஆம்ப்ளிஃபயரிலும் குறை இல்லை, ஸ்பீக்கரிலும் குறை இல்லை. இடையில் இருக்க வேண்டிய ஒரு பெட்டி இல்லை என்பது எனக்குத் தெரியவில்லை.

மூன்று வேலைகள்

ஓர் ஆடியோ சிஸ்டத்தில் மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது ப்ரீஆம்ப். எந்தக் கருவியின் பாட்டு ஒலிக்க வேண்டும் என்பதைத் தேர்வு செய்வதும், வால்யூமைக் கட்டுப்படுத்துவதும் இதன் வேலை. இரண்டாவது பவர் ஆம்ப்ளிஃபயர். ப்ரீஆம்ப் தரும் சிறிய சிக்னலை ஸ்பீக்கரை அசைக்கும் அளவுக்குப் பெரிதாக்குகிறது. மூன்றாவது ஸ்பீக்கர்.

பெரும்பாலான வீடுகளில் முதல் இரண்டும் ஒரே பெட்டியில் இருக்கும். இதற்கு இன்டக்ரேட்டட் ஆம்ப்ளிஃபயர் என்று பெயர். வால்யூம் குமிழ் இருந்தால் உங்களுடையது அநேகமாக இந்த வகைதான், கவலை குறைவு. என்னுடையதைப் போல வெறும் பவர் ஆம்ப்ளிஃபயராக இருந்தால், உங்கள் கம்ப்யூட்டர்தான் ப்ரீஆம்ப். திரையில் உள்ள வால்யூம் கோடு ஒன்றுதான் பிரேக். இதை மட்டும் நினைவில் வைத்தால் பாதி ஆபத்து போய்விடும்.

எந்த சாக்கெட்?

மேஜைக் கம்ப்யூட்டரின் பின்புறம் பச்சை சாக்கெட் ஒலி வெளியே வரும் வழி. இளஞ்சிவப்பு மைக்குக்கானது. நீலம் ஒலி உள்ளே செல்லும் வழி. லேப்டாப்பில் ஹெட்போன் சாக்கெட்டைப் பயன்படுத்தலாம். ஒரு முனையில் 3.5 மி.மீ. பின்னும் மறுமுனையில் இரண்டு ஆர்.சி.ஏ. பின்களும் உள்ள கேபிள் வாங்குங்கள். வெள்ளை இடது, சிவப்பு வலது.

ஆம்ப்ளிஃபயரில் ஆக்ஸ், சி.டி., டேப், டியூனர் என்று எழுதியிருக்கும் எதில் வேண்டுமானாலும் செருகலாம். ஃபோனோ என்பதில் மட்டும் செருகாதீர்கள். அது இசைத்தட்டு ஊசி தரும் சில மில்லிவோல்ட் சிக்னலுக்காக அமைக்கப்பட்டது. கம்ப்யூட்டர் தருவது ஏறக்குறைய ஒரு வோல்ட். ஒலி அலறும், சிதையும்.

வோல்ட் பொருத்தம்

ஆம்ப்ளிஃபயர் கையேட்டில் இன்புட் சென்சிட்டிவிட்டி என்று ஓர் எண் இருக்கும். முழு சக்தியைத் தர எத்தனை வோல்ட் உள்ளே வர வேண்டும் என்பதே அது.

100 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயருக்கு 1.5 வோல்ட் தேவை, கம்ப்யூட்டர் 1 வோல்ட்தான் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கிடைப்பது சுமார் 44 வாட்ஸ். பாதிக்கும் கீழே போய்விட்டதே என்று பதற வேண்டாம். காதுக்கு இது மூன்றரை டெசிபெல் குறைவுதான். தனியாக ப்ரீஆம்ப் வாங்கத் தேவையில்லை.

இதற்கு நேர்மாறான நிலையில்தான் கவனம் வேண்டும். யு.எஸ்.பி. டாக் எனப்படும் வெளி ஒலிக்கருவிகள் பல 2 வோல்ட் தரும். ஆம்ப்ளிஃபயருக்கு 1 வோல்ட் போதுமென்றால், பாதி வோல்ட்டிலேயே அது முழு சக்தியை எட்டிவிடும். அதற்கு மேல் ஏற்றினால் ஒலி சிதையும். வால்யூம் குமிழ் உள்ள டாக் வாங்குவது நல்லது. நான் இப்போது செய்திருப்பது அதைத்தான். கை எட்டும் தூரத்தில் பிரேக் இருக்கிறது.

ஓம் பொருத்தம்

ஸ்பீக்கரின் பின்புறம் 4, 6 அல்லது 8 ஓம் என்று எழுதியிருக்கும். ஓம் குறைந்தால் ஆம்ப்ளிஃபயருக்குச் சுமை கூடும். 20 வோல்ட் தரும் ஆம்ப்ளிஃபயர் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.5 ஆம்பியர் கரண்ட் தருகிறது. அதாவது 50 வாட்ஸ். அதே 20 வோல்ட்டுக்கு 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் 5 ஆம்பியர், 100 வாட்ஸ். ஆம்ப்ளிஃபயரில் ‘குறைந்தது 8 ஓம்’ என்று எழுதியிருந்தால் 4 ஓம் ஸ்பீக்கர் வேண்டாம். நம் ஊர் மே மாத வெயிலில் அது இன்னும் சீக்கிரம் சூடாகும்.

ஒரே முனையில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைச் சேர்த்து மாட்டினாலும் மொத்தம் 4 ஓம்தான். பலர் செய்யும் தவறு இது.

கல்யாண மண்டபங்களில் காணும் அஹுஜா போன்ற பி.ஏ. ஆம்ப்ளிஃபயர்களில் 70 வோல்ட், 100 வோல்ட் என்றும் முனைகள் இருக்கும். வீட்டு ஸ்பீக்கரை அவற்றில் மாட்டக் கூடாது. ஓம் எழுதிய முனைகளில் மட்டுமே மாட்ட வேண்டும்.

வாட்ஸ் பொருத்தம்

அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் பி.எம்.பி.ஓ. வாட்ஸ் என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் அதை மறந்துவிடுங்கள். ஆர்.எம்.எஸ். வாட்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள். இந்தக் குழப்பம் நம் ஊரில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1974-லேயே ஆம்ப்ளிஃபயர் சக்தியை எப்படி அளந்து விளம்பரம் செய்ய வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். 2024-ல் அதைத் திருத்தி இன்னும் கடுமையாக்கினார்கள்.

ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியையும் பாருங்கள். 88 டெசிபெல் என்றால், 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளக்கும்போது அந்த அளவு சத்தம் வரும். சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபெல்தான். வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபெல் மட்டுமே கூடும். ஆகவே சாதாரண அறைக்கு 30 முதல் 50 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். போதும்.

அப்படியானால் சிறிய ஆம்ப்ளிஃபயர் என்றால் ஆபத்தில்லையா? அதுவும் இல்லை. 20 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயரை எல்லை மீறி முடுக்கினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டு, கூடுதல் சக்தி ட்வீட்டருக்குப் போகும். ட்வீட்டரின் காயில் கம்பி மிக மெல்லியது. ஸ்பீக்கர் பெட்டியில் 60 வாட்ஸ் என்று எழுதியிருந்தாலும், ட்வீட்டர் தொடர்ந்து தாங்குவது சில வாட்ஸ்தான். ஒலி கரகரத்தால் உடனே குறையுங்கள்.

பிரெஞ்சு பிளக்

பிரான்சிலும் இங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். எனவே அங்கிருந்து வந்த ஆம்ப்ளிஃபயருக்கு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம். அமெரிக்காவுக்கு மட்டும் செய்த 120 வோல்ட் கருவிக்கும் ஜப்பானின் 100 வோல்ட் கருவிக்கும் கட்டாயம் வேண்டும். காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய ஆம்ப்ளிஃபயர் வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பின்புறம் உள்ள வோல்ட் எண்ணைத்தான்.

பிரெஞ்சு பிளக்கில் இன்னொரு விஷயம் உண்டு. அங்கே எர்த் முள் சுவர் சாக்கெட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். பிளக்கில் அதற்கான ஓட்டை மட்டுமே இருக்கும். நம் சாக்கெட்டில் இரண்டு முள்ளும் நுழைந்துவிடலாம். ஆனால் எர்த் கிடைக்காது. ஒயரில் மூன்று கம்பிகள் இருந்தால், எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்து நம் ஊர் மூன்று முள் பிளக்காக மாற்றிவிடுங்கள்.

இணைத்தபின் ‘உம்ம்’ என்ற இரைச்சல் வந்தால், கம்ப்யூட்டரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகிப் பாருங்கள். இரைச்சலைப் போக்க எர்த் கம்பியைக் கழற்றுபவர்கள் உண்டு. உயிருக்கே ஆபத்து, செய்யாதீர்கள். கடற்கரைக்கு அருகில் இருப்பவர்களுக்கு உப்புக் காற்றில் பின்கள் கறுத்தும் கரகரப்பு வரலாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பின்களைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்துச் செருகுங்கள்.

முதல் முறை போடும்போது

1. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு கேபிள்களை இணையுங்கள்.

2. முதலில் கம்ப்யூட்டரைப் போடுங்கள். விண்டோஸ் வால்யூமை 5-க்குக் குறையுங்கள். பாட்டுப் போடும் மென்பொருளின் வால்யூமையும் பாருங்கள்.

3. கடைசியாக ஆம்ப்ளிஃபயரைப் போடுங்கள். பாட்டை ஓட்டி, மெதுவாக ஏற்றுங்கள்.

4. அணைக்கும்போது ஆம்ப்ளிஃபயரை முதலில் அணையுங்கள். இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் அணையும் ‘டப்’ சத்தம் ஸ்பீக்கருக்குப் போகும்.

ட்வீட்டர்களை மாற்றிவிட்டு, அதே ஆம்ப்ளிஃபயரில்தான் இன்றும் பாட்டுக் கேட்கிறேன். சித்தப்பா அடுத்த முறை வந்து கேட்டபோது, ‘இது இவ்வளவு நன்றாகப் பாடும் என்று அங்கே எனக்குத் தெரியவில்லையே’ என்றார். ட்வீட்டர் கதையை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை.