புதுப் பாலம், அதே இரண்டு தண்டவாளம்

நியூ ஜெர்சியிலிருந்து மன்ஹாட்டனின் பென் ஸ்டேஷனுக்குப் போகும் ரயில் எதுவானாலும் ஹாக்கென்சாக் ஆற்றை ஒரே இடத்தில்தான் கடக்க வேண்டும். அங்கே நிற்பது 1910-இல் கட்டிய போர்ட்டல் பாலம். அதன்மேல் இரண்டு தண்டவாளங்கள். கொரோனாவுக்கு முந்தைய கணக்கில் நாளொன்றுக்கு சுமார் 450 ரயில்கள், இரண்டு லட்சம் பயணிகள். அலுவலகம் போகிறவர்களின் புறநகர் ரயிலுக்கும் வாஷிங்டன் – பாஸ்டன் விரைவு ரயிலுக்கும் வேறு வழி கிடையாது.

பாலம் தண்ணீருக்கு மேல் 23 அடி உயரந்தான். அதைவிட உயரமான படகு வந்தால் திறந்துவிட வேண்டும். பழைய பாம்பன் பாலம் இரண்டு பக்கமும் மேலே தூக்கிக்கொண்டது. இது நடுத்தூணின் மேல் கிடைவாக்கில் சுழன்று வழி விடுகிறது. சுழல்வதில் சிக்கல் இல்லை, திரும்பி வந்து பொருந்துவதில்தான். பாலத்தின் தண்டவாள முனை கரையின் தண்டவாள முனையோடு இம்மி பிசகாமல் சேர வேண்டும். சேராத நாட்களில் ஊழியர்கள் சம்மட்டியால் அடித்து அதை இடத்தில் உட்கார வைக்கிறார்கள். அதுவரை இரு பக்கமும் ரயில்கள் நிற்கும். ஏதோ பெரிய சரக்குக் கப்பலுக்காக என்று நினைக்க வேண்டாம். பலமுறை அது சாக்கடைக் கசடு ஏற்றிப்போகும் படகு. 1996 நவம்பரில் தண்டவாள முனை சரியாக அமராததால் ஒரு ரயில் தடம் புரண்டு, எதிரே வந்த ரயிலை உரசியது. உயிர்ச்சேதம் இல்லாமல் போனது அதிர்ஷ்டம்.

2022-இல் பக்கத்திலேயே புதிய பாலத்தின் வேலை தொடங்கியது. 50 அடி உயரம், அசையாத கட்டுமானம், மூன்று பெரிய எஃகு வளைவுகள். செலவு 200 கோடி டாலருக்கும் மேல். படகுக்காகத் திறக்க வேண்டியதில்லை என்பதால் சம்மட்டி வேலையும் ஒழியும். செய்ய வேண்டிய வேலைதான், தாமதமாகவாவது செய்கிறார்கள். ஆனால் திறப்பு விழாப் பேச்சுகளில் அமுங்கிப்போகக்கூடிய விஷயம் ஒன்று இருக்கிறது: புதிய பாலத்திலும் இரண்டே தண்டவாளங்கள். கூடுதலாக இரண்டு போடுவதற்கான தெற்குப் பாலம் திட்ட வரைபடத்தில் இருக்கிறது, அதற்குப் பணம் ஒதுக்கப்படவில்லை.

இரண்டில் ஒன்று போனால் பாதி மிஞ்சும் என்பது நம் மனக்கணக்கு. ரயில்வேயில் அது செல்லாது. பாலத்தைத் தாண்டியதும் வரும் ஹட்சன் ஆற்றுச் சுரங்கத்திலும், வழிக்கு ஒன்றாக, இரண்டு குழாய்களில் இரண்டே தண்டவாளங்கள். நெரிசல் நேரத்தில் மணிக்கு 24 ரயில்கள் நியூயார்க்குக்குள் நுழைகின்றன, அதாவது இரண்டரை நிமிடத்துக்கு ஒன்று. ஒரு குழாயை மூடினால் அந்த 24 என்பது 12 ஆகாது, 6 ஆகும் என்பது புதிய சுரங்கத் திட்டத்தின் சொந்த மதிப்பீடு. ஒரே தடத்தில் இரு திசை ரயில்களும் மாறிமாறிப் போக வேண்டும். ஒரு பக்கத்து ரயில்கள் முழுதாக வெளியேறினால்தான் மறுபக்கத்துக்குச் சிக்னல் விழும்.

அந்தச் சுரங்கத்துக்கும் வயது 1910-இலிருந்துதான். 2012-இல் சாண்டி புயலின்போது இரண்டு குழாய்களிலும் கடல்நீர் புகுந்தது. நீரை இறைத்தார்கள், ஆனால் உப்பு கான்கிரீட்டிலும் மின்வடங்களிலும் தங்கி இன்றும் அரித்துக்கொண்டிருக்கிறது. முழுமையாகப் பழுதுபார்க்க ஒரு குழாயை நீண்டகாலம் மூட வேண்டும். மாற்றுச் சுரங்கம் இல்லாமல் மூட முடியாது. ஏற்கெனவே தொடங்கியிருந்த ஒரு புதுச் சுரங்கத் திட்டத்தை, செலவைக் காரணம் காட்டி, 2010-இல் நியூ ஜெர்சியின் அன்றைய ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி கைவிட்டார். இப்போதைய சுரங்கத் திட்டத்தின் வேலை 2023-இல் தொடங்கியது. 2025 அக்டோபரில் டிரம்ப் அரசு அதற்கான நிதியை நிறுத்திவைத்தது. செலவு மிச்சம் என்று சொன்ன ஒவ்வொரு முறையும் பழைய குழாய்களுக்கு வயதுதான் ஏறியது.

பாலத்திலேயே இன்னும் ஒரு கண்டம் பாக்கி. இரண்டு தண்டவாளங்களையும் ஒரே நாளில் புதிய பாலத்துக்கு மாற்ற முடியாது. முதல் தண்டவாளத்தை மாற்ற மட்டும் 2026 பிப்ரவரி நடுவிலிருந்து ஒரு மாதத்துக்கு ரயில்களைக் குறைப்பதாகவும், சிலவற்றை நியூ ஜெர்சியிலேயே உள்ள ஹோபோகனுக்குத் திருப்பிவிடுவதாகவும் அறிவித்தார்கள். திட்டப்படி இரண்டாவதன் முறை அதற்குப் பல மாதம் கழித்துத்தான். அதுவரை ஒரு திசை ரயில்கள் பழைய பாலத்தின் மேலேயே போகும். படகு வந்தால் அது திறக்கத்தான் வேண்டும்.