செயற்கை நுண்ணறிவும் கல்லூரிப் படிப்பும்: கடன் வாங்கிக் கற்போர் அறிய வேண்டியவை

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் கிளைகளில் கல்விக்கடன் மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடும். மதிப்பெண் பட்டியல், சேர்க்கைக் கடிதம், கட்டண விவரம் ஆகியவற்றைக் கோப்பில் அடுக்கிக்கொண்டு பெற்றோரும் பிள்ளைகளும் வருவார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுள் அண்மைக் காலத்தில் ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது. "கட்டுரை எழுதுவதையும் கணக்குப் போடுவதையும் கைப்பேசியே செய்துவிடுகிறதே, ஐயா! இத்தனை லட்சம் கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்கவைப்பதில் பயன் உண்டா?" வட்டி விகிதத்தைக் கூறுவதுபோல ஒரே வரியில் விடை கூறிவிடக்கூடிய கேள்வியன்று இது. கடன் கொடுக்கும் நாங்களும் பெறும் தாங்களும் சேர்ந்து சிந்திக்க வேண்டிய கேள்வி.

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி பொதுமக்களின் பயன்பாட்டுக்கு வந்தது. இத்தகைய செயலிகள் பெருந்தொகையான எழுத்துகளைக் கொண்டு பயிற்றப்பட்டவை. ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்தே அவை விடையை உருவாக்குகின்றன. ஆகவே நடை தெளிவாக இருக்கும். ஆனால் செய்தி சரியாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. எவரும் எழுதாத நூலின் பெயரைக்கூட மேற்கோளாகத் தந்துவிடுவதுண்டு.

இதனால் விளையும் நன்மை சிறிதன்று. தமிழ்வழியில் பயின்று, ஆங்கிலவழிப் பொறியியல் வகுப்பில் அமர்ந்திருக்கும் ஒரு மாணவியை எண்ணிப் பார்ப்போம். வகுப்பில் கை உயர்த்திக் கேட்கத் தயங்கும் ஐயத்தை, இரவு பத்து மணிக்குத் தமிழிலேயே, எத்தனை முறை வேண்டுமானாலும் அவர் கேட்கலாம். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, 'அனுவாதினி' என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவியின் துணையோடு பாடநூல்களை இந்திய மொழிகளில் பெயர்த்து வருகிறது. 2025-ஆம் ஆண்டைச் செயற்கை நுண்ணறிவு ஆண்டாகவும் அக்குழு அறிவித்தது.

ஆயினும் கருவி இருப்பது வேறு, கற்பது வேறு. இதனை விளக்க இரண்டு ஆய்வுகள் உள்ளன. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 194 இயற்பியல் மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒவ்வொரு படியாக வழிகாட்டுமாறு ஆசிரியர்கள் வடிவமைத்த செயற்கை நுண்ணறிவு ஆசானிடம் பயின்றபோது, வகுப்பில் பயின்றதைவிடக் குறைந்த நேரத்தில் அவர்கள் கூடுதலாகக் கற்றனர். மற்றோர் ஆய்வு துருக்கியில், ஏறத்தாழ ஆயிரம் மேல்நிலைப்பள்ளி மாணவர்களிடம் கணிதப் பாடத்தில் நடந்தது. கேட்டவுடன் விடை தரும் செயலியைப் பயன்படுத்தியவர்கள் பயிற்சிக் கணக்குகளில் 48 விழுக்காடு மேம்பட்டனர். ஆனால், செயலியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதனைத் தொடாத மாணவர்களைவிட 17 விழுக்காடு பின்தங்கினர். விடையைக் கூறாமல் குறிப்புகளை மட்டும் தந்த செயலியைப் பயன்படுத்தியோர்க்கு அந்தப் பின்னடைவு பெரும்பாலும் ஏற்படவில்லை.

இரண்டிலும் தொழில்நுட்பம் ஒன்றே. மாணவர் தாமே முயன்றாரா என்பதே வேறுபாடு. வணிகவியல் பயின்றோர் இதனை எளிதில் உணர்வர். வங்கிச் சரிக்கட்டும் பட்டியலை நினைவுகூர்வோம். ரொக்க ஏட்டின் இருப்பும் வங்கி அறிக்கையின் இருப்பும் ஒத்துப்போகாதபோது, விடுத்தும் வங்கிக்கு வந்து சேராத காசோலை எது, ஏட்டில் பதியாமல் விடப்பட்ட வங்கிக் கட்டணம் எது என்று தேடித்தேடிக் கண்டுபிடிக்கிறோம். அந்தத் தேடலில்தான் கணக்கியல் மனத்தில் பதிகிறது. நிறைவுற்ற பட்டியலை நொடியில் பெற்றுக்கொண்டவருக்கு விடை கிடைத்திருக்கும்; அடுத்த வேறுபாட்டைக் கண்டறியும் கண் கிடைத்திராது.

பல்கலைக்கழகங்களுக்கும் இது புதிய சோதனை. ஒப்படைப்பை எழுதியவர் மாணவரா, இயந்திரமா என்று கண்டறியும் மென்பொருள்களை முழுமையாக நம்ப இயலவில்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, தான் வெளியிட்ட அத்தகைய கருவியைத் துல்லியம் போதாமையால் 2023 ஜூலையில் திரும்பப் பெற்றது. எனவே நேரடித் தேர்வும் வாய்மொழித் தேர்வும் முன்னினும் முக்கியத்துவம் பெறுகின்றன. சென்னை ஐ.ஐ.டி.யின் தரவு அறிவியல் பட்டப்படிப்பில் பாடங்கள் இணையவழியே நடந்தாலும், முக்கியத் தேர்வுகளை மாணவர் தேர்வு மையத்துக்கு வந்தே எழுத வேண்டும்.

கடன் பெற்றுப் பயிலும் குடும்பங்களுக்கு இதில் கூடுதல் அக்கறை தேவை. கல்விக்கடனில் பொதுவாகப் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை தொடங்குவதில்லை; எனினும் வட்டி கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். அந்த ஓராண்டுக்குள் பணியில் அமரவேண்டிய இளைஞர், நேர்முகத் தேர்வில் செயலியின் துணையின்றித்தான் அமர வேண்டும். மதிப்பெண் என்பது ஏட்டில் உள்ள பதிவு, திறமையே கையிருப்பு. இரண்டும் ஒத்துப்போகாவிடில், அந்த வேறுபாடு தவணை தொடங்கும் வேளையில்தான் வெளிப்படும்.

ஆகவே சில பழக்கங்களைப் பரிந்துரைக்கிறோம். முதலில் தாமே முயன்று, தடைப்பட்ட இடத்தை மட்டும் செயலியிடம் கேட்கலாம். "விடையைக் கூறாதே, குறிப்பு மட்டும் தா" என்று கட்டளையிடலாம். பெற்ற விளக்கத்தைச் செயலியை மூடிவிட்டுச் சொந்தச் சொற்களில் எழுதிப் பார்க்கலாம். எண்களையும் மேற்கோள்களையும் பாடநூலோடு ஒப்பிட வேண்டும். ஒப்படைப்பில் செயலியைப் பயன்படுத்தலாமா என்று பேராசிரியரிடம் முன்கூட்டியே கேட்டறிவது நலம். ஆதார், நிரந்தரக் கணக்கு எண், கடன் ஆவணங்கள் ஆகியவற்றை எக்காரணம் கொண்டும் அத்தகைய செயலிகளில் பதிவேற்றலாகாது.

பெற்றோர் செய்யக்கூடிய எளிய செயலும் ஒன்றுண்டு. பிள்ளை விடுமுறைக்கு வரும்போது, "இந்தப் பருவத்தில் படித்ததில் ஒன்றை எனக்குப் புரியும்படி சொல்" என்று கேளுங்கள். பாடம் தங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தாளைப் பாராமல் பிள்ளை விளக்குகிறாரா என்று கவனித்தாலே போதும்.

எங்கள் மேசை முன் எழுந்த கேள்விக்கு இப்போது விடை கூறலாம். பயன் உண்டு. ஆனால் அந்தப் பயன் பட்டத்தோடு தானாக வருவதன்று. கருவி அருகில் இருந்தும் தாமே முயன்ற மாணவருக்கே அது உரியது.